எழுபது வருஷக் கடிதம்: முடிவு தெரியாத நாட்களில் கர்த்தரை நம்ப ஒரு வழிகாட்டி

2019 டிசம்பர் 31. பாளையங்கோட்டையில் எங்கள் சபையில் நள்ளிரவு ஆராதனை முடிந்து, வாசலில் எவர்சில்வர் தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அம்மா ஒன்றை எடுத்தாள். கண்ணாடி கொண்டுவராததால் என்னிடம் நீட்டி, "என்ன வசனம்னு பாரு" என்றாள். சீட்டுக்கட்டு அளவில் ஒரு அட்டை. சூரிய உதயப் படம். அதன்மேல் பொன்னிற எழுத்தில் எரேமியா 29:11. "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அம்மா அதைக் கண்ணில் ஒற்றி, பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அது பீரோ கண்ணாடி ஓரத்தில் ஏறியது.

அடுத்த ஆறு மாதத்துக்குள் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ் ஆரம்பித்தது. அட்டை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. காலையில் தலைவாரும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். சில நாள் ஆறுதல், பல நாள் எரிச்சல்.

நான் போதகரும் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. அந்தப் பதினாறு மாதத்தில் எது எங்களைத் தாங்கியது, எது வெறும் சத்தமாகப் போனது என்பதை வைத்து எழுதுகிறேன். இந்த வரிசையில்தான் போகவேண்டும் என்றில்லை. ஆனால் முதல் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

முதல் படி: வசனத்தை விட்டுவிட்டு கடிதத்தை வாசியுங்கள்

எரேமியா 29 ஒரு கடிதம். கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து எகொனியா ராஜாவையும், அவன் தாயையும், தச்சர் கொல்லர் உட்பட ஊருக்கு உபயோகமான ஆட்களையும் சிறைபிடித்துக்கொண்டு போனான். எருசலேமில் மிச்சமிருந்த எரேமியா அவர்களுக்கு எழுதி அனுப்பிய கடிதம் இது. 11-ஆம் வசனத்துக்கு முந்தின வசனத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்தபின்புதான் கர்த்தர் அவர்களைச் சந்திப்பார் என்று இருக்கிறது.

எழுபது வருஷம். அந்தக் கடிதத்தை உரக்க வாசிக்கக் கேட்டவர்களில் முப்பது வயதுக்காரன் ஒருவன் இருந்திருந்தால், ஊர் திரும்ப அவனுக்கு நூறு வயது ஆகவேண்டும். அவனுக்கு எழுதப்பட்டதுதான் நம் அட்டையில் இருக்கிற வசனம். அது பொய்யில்லை, அவன் நினைத்த தேதியில் நிறைவேறாது, அவ்வளவுதான். அதற்குள் அவன் என்ன செய்யவேண்டும் என்பதும் அதே கடிதத்தில் இருக்கிறது. வீடு கட்டு, குடியிரு, தோட்டம் நாட்டு, அதன் கனியைச் சாப்பிடு, பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணு, உன்னைச் சிறைபிடித்து வைத்திருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம் பண்ணு. இதையெல்லாம் எந்த அட்டையிலும் அச்சடிப்பதில்லை.

இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. "அப்போ எனக்குச் சொன்னது இல்லையா?" என்று தோன்றியது. இரண்டு நாள் கழித்துத்தான் தோளிலிருந்து ஏதோ இறங்கினதுபோல இருந்தது. 2020 டிசம்பருக்குள் எல்லாம் சரியாகிவிடவேண்டும் என்று கர்த்தருக்கு நான் ஒரு கெடு வைத்திருந்தேன். அவர் அப்படி ஒரு கெடுவுக்குச் சம்மதித்ததே இல்லை. அவர் என்னைக்குறித்து என்ன நினைக்கிறார் என்பதைத்தான் வசனம் சொல்கிறது, எந்த மாதம் என்று சொல்லவில்லை.

ஆகவே செய்யவேண்டியது: நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கிற வசனம் எதுவானாலும், அந்த அதிகாரம் முழுவதையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். யார், யாருக்கு, எந்த நெருக்கத்தில் சொன்னது என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். எரேமியா என்றால் 28, 29 இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். கால்மணி நேரம் போதும். 28 ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் படி: உள்ளதை உள்ளபடி சொல்லி அழுங்கள்

ஆலய வாசலில் "எப்படி இருக்கீங்க?" என்றால் நம் வாயில் தயாராக இருக்கும் பதில், "கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கோம்." வீட்டில் அடுப்பு எரியாவிட்டாலும் அதே பதில்தான். அழுதால் விசுவாசம் குறைவு என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம். ஆனால் சங்கீதப் புத்தகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையிடும் பாட்டுகள். 13-ஆம் சங்கீதத்தில் ஆறே வசனம்தான். அதில் முதல் இரண்டு வசனங்களுக்குள் தாவீது நான்கு தடவை "எதுவரைக்கும்?" என்று கேட்டுவிடுகிறார். "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று கர்த்தரின் முகத்துக்கு நேராகவே கேட்கிறார். கடைசியில் பாடுகிறார், உண்மைதான். ஆனால் கேட்டு முடித்துவிட்டுத்தான் பாடுகிறார்.

அதுகூட எப்போதும் இல்லை. 88-ஆம் சங்கீதத்தைக் கடைசிவரை வாசித்துப் பாருங்கள், வெளிச்சமே வராது. அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்பதோடு முடிந்துவிடுகிறது. அதையும் பரிசுத்த வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். உங்கள் ஜெபமும் சில நாள் அப்படி முடியலாம்.

செய்முறை எளிது. ஒரு தாளில் 13-ஆம் சங்கீதத்தின் போக்கிலேயே உங்கள் சொந்த சங்கீதத்தை எழுதுங்கள்: முதலில் கேள்வி, அப்புறம் வேண்டுதல், வந்தால் கடைசியில் நம்பிக்கை. நான் எழுதியதில் ஒரு பகுதி இது: "கர்த்தாவே, எதுவரைக்கும் டயாலிசிஸ் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்? எதுவரைக்கும் மச்சானுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன்?" மச்சான் வரியை வாசித்து என் மனைவி சிரித்துவிட்டாள். பல வாரங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது.

வார்த்தையே வராத நாட்களும் உண்டு. ரோமர் 8:26-ஐ நினைத்துக்கொண்டு சும்மா உட்காருங்கள். ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று பவுல் எழுதுகிறார். பெருமூச்சுக்கு இலக்கணம் தேவையில்லை.

மூன்றாம் படி: நோட்டில் மூன்று பத்தி

நான் கணக்கன். மனது கலங்கினால் கை தானாக நோட்டைத் தேடும். ஒரு பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்தேன். முதல் பத்தி: எனக்குத் தெரிந்தது. இரண்டாவது: தெரியாதது. மூன்றாவது: இன்று என் கையில் இருக்கிறது.

2020 ஆகஸ்டில் ஒரு நாள் எழுதியது இன்னும் என்னிடம் இருக்கிறது. தெரிந்தது: வங்கியில் 41,000 ரூபாய்; வாடகை 7,500; செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். தெரியாதது: வேலை எப்போது, அம்மா எத்தனை நாள், ஏன். கையில் இருப்பது: காப்பீட்டு அட்டைக்கு வருமானச் சான்று வாங்குவது, இரண்டு பேருக்கு போன், பையனுக்கு வாய்ப்பாடு.

நடுப்பத்தியை ஜெபத்தில் வைப்பது, மூன்றாவது பத்தியைச் செய்வது. இவ்வளவுதான் முறை. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வருகிறதே, அப்போது நம்மைப் புரட்டி எடுப்பது எல்லாமே நடுப்பத்தி விஷயங்கள்தான். அவற்றை மூன்றாம் பத்திக்குள் இழுத்துவர முயன்றுதான் தூக்கம் போகிறது. இஸ்ரவேலருக்கு மன்னா ஆளுக்கு ஒரு ஓமர் அளவு, அதுவும் அன்றைக்கு மட்டும். மறுநாளைக்கு என்று எடுத்துவைத்தது புழுத்து நாறியது. அந்தக் கதையைச் சிறுபிள்ளையில் கேட்டபோது வேடிக்கையாக இருந்தது. அந்த வருஷம்தான் அது ஒரு வீட்டு பட்ஜெட் மாதிரி புரிந்தது.

மூன்றாம் பத்தியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸும் உண்டு என்று ஒருவர் சொல்லியும், "கர்த்தர் வேறு வழி திறப்பார்" என்று நான் இரண்டு மாதம் கிராம நிர்வாக அலுவலரிடம் போகாமலே இருந்தேன். திறந்த கதவு கண்ணுக்கு முன்னால் இருந்தது. அதில் அரசாங்க முத்திரை இருந்ததால் எனக்கு அது அற்புதமாகத் தெரியவில்லை.

நான்காம் படி: சாப்பிடுங்கள், தூங்குங்கள்

எலியா சூரைச்செடியின்கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டபோது தூதன் வேதபாடம் எடுக்கவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். சாப்பிட்டுவிட்டு எலியா திரும்பவும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் முறையும் அதையேதான் சொன்னான். 1 இராஜாக்கள் 19.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற யாரும் அதை அவிசுவாசம் என்று சொல்வதில்லை. மனதுக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்?

ஐந்தாம் படி: யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் விடுவது

யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் அவரோடு உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல சிநேகிதர். வாயைத் திறந்தபிறகுதான் கெட்டது. புத்தகத்தின் முடிவில் கர்த்தர் கோபித்துக்கொள்வது யோபுவை அல்ல, கர்த்தருக்காக வாதாடிய அந்த மூவரை. முறையிட்டுக்கொண்டே இருந்த யோபுதான் நிதானமாய்ப் பேசினார் என்கிறார்.

எங்கள் வீட்டுக்கும் இரண்டு வகை ஆட்களும் வந்தார்கள். பெரியம்மா ஒருவர் வந்து உட்கார்ந்ததும், "தசமபாகம் ஒழுங்காக் கொடுக்கிறியாடே?" என்று ஆரம்பித்தார். பாவம், கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கஷ்டத்துக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டால் அது தன் வீட்டுக்கு வராமல் தடுத்துவிடலாம் என்ற பயத்தில் கேட்டார். இயேசுவிடமும் இதே கேள்வி வந்தது. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்ததா என்று கேட்டவர்கள் வேறு யாருமில்லை, சீஷர்கள்தான். இரண்டும் இல்லை என்றார். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்றார். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் கடல் வந்தபோது இது நியாயத்தீர்ப்பு என்று பேசியவர்களை நான் கேட்டிருக்கிறேன். லூக்கா 13-ஐ அவர்கள் எப்போது வாசித்தார்களோ தெரியவில்லை.

இன்னொருவர், ஓய்வுபெற்ற ஒரு ஐயர் (எங்கள் பக்கம் போதகரை அப்படித்தான் அழைப்போம்). சைக்கிளில் வந்தார். கருப்பட்டிக் காப்பி குடித்தார். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கும்போது என்னிடம், "வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு எதுல தம்பி கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டார். ஆட்டோ என்றேன். அடுத்த வெள்ளியிலிருந்து அவர் மகனுடைய கார் வாசலில் நின்றது. ஒரு வசனமும் அவர் சொல்லவில்லை என்று இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

எண்ணிக்கை பார்த்துச் சொல்லாதீர்கள். எல்லாவற்றையும் சொல்ல இரண்டு பேர் போதும். மற்றவர்களுக்கு "ஜெபம் பண்ணிக்கோங்க" என்ற ஒரு வரி போதும். விவரம் முழுவதையும் சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஆறுதலைவிட ஆலோசனை அதிகம் வரும்.

ஆறாம் படி: இரண்டு வருஷம் என்று சொல்கிறவரிடம் கவனம்

28-ஆம் அதிகாரம் வாசிக்கச் சொன்னேனே, இதற்காகத்தான். கிபியோன் ஊரானாகிய அனனியா ஆலயத்தில் எல்லார் முன்னாலும் நின்று, இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் திரும்பிவரும் என்று கர்த்தரின் பேரில் சொன்னான். எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தையும் பிடுங்கி உடைத்தான். கேட்டவர்களுக்கு எவ்வளவு குளிர்ந்திருக்கும்! இதில் எனக்கு மிகவும் பிடித்தது எரேமியாவின் முதல் பதில்: "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." அவருக்கும் அது நடக்கவேண்டும் என்றுதான் ஆசை. ஆசைப்பட்டது வேறு, கர்த்தர் சொன்னது வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தது. அனனியா அந்த வருஷத்திலேயே செத்தான் என்று அதிகாரம் முடிகிறது.

எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். தலையில் கைவைத்து, "மூணு மாசத்துல வேலை, அம்மாவுக்கு முழு சுகம்" என்றார். நான் "ஆமென்" என்றேன். எரேமியாவின் ஆமென் இல்லை, தவித்தவனின் ஆமென். அப்புறம் பொருத்தனைக் காணிக்கை பற்றி மெதுவாகப் பேச்சு வந்தது. கொடுத்தேன். தொகையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, டயாலிசிஸ் செலவில் ஒரு மாதக் கணக்கு. மூன்று மாதம் கழித்து போன் செய்தபோது, என் விசுவாசத்தில் ஏதோ ஓட்டை என்றார்.

ஆகவே யாராவது உங்களுக்குத் தீர்க்கதரிசனம் சொன்னால் மூன்றைப் பாருங்கள். தேதி கொடுக்கிறாரா? பணம் கேட்கிறாரா? மருந்தை நிறுத்தச் சொல்கிறாரா? மூன்றாவதற்கு ஆம் என்றால் அந்த இடத்திலேயே எழுந்து வாருங்கள், மரியாதையெல்லாம் பார்க்கவேண்டாம்.

ஏழாம் படி: முடிவெடுக்கவேண்டிய இடத்தில் முடிவெடுங்கள்

கண்ணை மூடி பைபிளைத் திறந்து விரல் வைத்துப் பார்க்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நானும் செய்தேன். மஸ்கட்டில் ஒரு கணக்கர் வேலை வந்திருந்தது. போகலாமா, அம்மாவை விட்டுவிட்டா என்று கேட்டு விரலை வைத்தேன். எண்ணாகமத்தில் ஒரு கோத்திரத்தின் ஜனக்கணக்கு வந்தது. கணக்கனுக்குக் கணக்கு வந்ததால் போ என்று அர்த்தமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

பவுல் ஆசியாவுக்குப் போகப் பார்த்தார், ஆவியானவர் தடுத்தார். பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், அதுவும் ஆகவில்லை. துரோவாவில் வந்து நின்றபோது மக்கெதோனியா தரிசனம் கிடைத்தது. சரி, கர்த்தர் காட்டிய வழி. போய்ச் சேர்ந்த பிலிப்பியில் கிடைத்தது பிரம்படியும் சிறையும். எனவே கதவு திறந்தால் சித்தம், மூடினால் சித்தமில்லை, சுகமாக நடந்தால் சரியான வழி, கஷ்டப்பட்டால் தவறான வழி என்ற கணக்கு வேதத்திலேயே உதைக்கிறது.

நான் கடைசியில் செய்தது: விவரம் எல்லாவற்றையும் எழுதினேன். எனக்கு "வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய இருவரிடம் காட்டினேன். யாக்கோபு 1:5-ஐப் பிடித்து ஞானம் கேட்டேன். ஒரு தேதி வைத்து, அந்த நாளில் முடிவெடுத்தேன். போகவில்லை. அது சரியான முடிவா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் சரியான முடிவெடுத்தால்தான் கர்த்தர் கூட வருவார் என்று நினைத்துக்கொண்டிருந்த பயம் போய்விட்டது. "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்று யாக்கோபு சொல்லச் சொன்னது கலியாணப் பத்திரிகையில் அலங்காரமாகப் போடுவதற்கு இல்லை. என் திட்டத்தைப் பென்சிலால் எழுதிக்கொள்வதற்கு.

எட்டாம் படி: 'நன்மை' என்றால் என்ன என்று கேளுங்கள்

சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்ற ரோமர் 8:28-ஐத் துக்கவீட்டில் சொல்லாதவர்கள் குறைவு. அடுத்த வசனத்தையும் வாசித்தால் அந்த நன்மை எது என்று தெரியும்: குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவது. வேலை திரும்பக் கிடைப்பதும் சுகமாவதும் அதில் அடங்கலாம், அடங்காமலும் போகலாம்.

எங்கள் ஜில்லாவில் டோனாவூர் இருக்கிறது. அங்கே ஊழியம் செய்த அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா சிறுபிள்ளையில் நீலக்கண் வேண்டும் என்று ஜெபித்ததையும், கிடைக்காத கதையையும், பின்னால் இங்கே சேலை கட்டிப் பிள்ளைகளை மீட்கப் போனபோது பழுப்புக் கண்தான் உதவியது என்பதையும் ஞாயிறு பள்ளியில் கேட்டிருப்பீர்கள். அழகான கதை; முடிச்சு விழுந்த இடத்திலேயே அவிழ்ந்துவிடுகிறது. அதே அம்மா 1931-இல் விழுந்து அடிபட்டு, 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறையில் வலியோடு கிடந்தார்கள். இருபது வருஷம். அங்கிருந்தே எழுதினார்கள், பிள்ளைகளைப் பார்த்தார்கள். ஆனால் ஏன் விழுந்தார்கள் என்பதற்கு நீலக்கண் கதை மாதிரி ஒரு பதில் கிடையாது. இந்தப் பாதியை ஞாயிறு பள்ளியில் யாரும் படம் போட்டுக் காட்டியதாக எனக்கு நினைவில்லை. நம்பிக்கையைப் படிக்க எனக்கு இந்தப் பாதிதான் உதவியது.

2021 ஆகஸ்டில் அம்மா போய்விட்டாள். முழு சுகம் வரவில்லை. கெத்செமனேயில் இயேசு மூன்று தடவை கேட்டும் பாத்திரம் நீங்கவில்லை. பவுல் மூன்று தடவை வேண்டியும் முள் போகவில்லை. கேட்டது கிடைக்காதவர்களின் வரிசையில் அம்மா நல்ல இடத்தில்தான் நிற்கிறாள் என்று அடக்க ஆராதனையில் உட்கார்ந்திருந்தபோது நினைத்துக்கொண்டேன். அது ஆறுதலா என்று கேட்டால், அன்றைக்கு இல்லை.

ஒன்பதாம் படி: 'இம்மட்டும்' எழுதுங்கள்

எபெனேசர் என்று கேட் கம்பியில் எழுதாத கிறிஸ்தவத் தெரு எங்கள் பக்கம் இல்லை. "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்று சாமுவேல் நிறுத்திய கல். 1 சாமுவேல் 7-இல் ஜெயித்தபின் நிறுத்தினார். அதே பெயர் நான்காம் அதிகாரத்திலும் வருகிறது, பார்த்திருக்கிறீர்களா? இஸ்ரவேலர் எபெனேசருக்குச் சமீபத்தில் பாளயமிறங்கி, முப்பதாயிரம் பேரைச் சாகக் கொடுத்து, உடன்படிக்கைப் பெட்டியையும் பறிகொடுத்தார்கள். அந்தத் தோல்வியின் பெயரைத்தான் சாமுவேல் இருபது வருஷத்துக்கும் மேல் கழித்துக் கல்லுக்கு வைத்தார்.

நோட்டின் பின்பக்கத்திலிருந்து தேதி போட்டு எழுதிக்கொண்டு வாருங்கள், நாளுக்கு ஒரு வரி. பெரிய சாட்சியாக இருக்கவேண்டியதில்லை. என் நோட்டில் ஒன்று: "பையன் ஆச்சியின் இடது கையில் காது வைத்துக் கேட்டுவிட்டு, உள்ளே தேனீ இருக்கு என்றான்." டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாயை இணைத்த இடத்தில் ஒரு ரீங்காரம் கேட்கும். அந்தச் சத்தம் இருந்தால்தான் குழாய் நன்றாக வேலை செய்கிறது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அதன்பின் தினமும் காலையில் தேனீ இருக்கிறதா என்று பார்ப்பது பையனின் வேலை ஆயிற்று. பல நாட்களில் நோட்டில் இருப்பது ஒரே வரிதான்: "தேனீ இருக்கிறது."

பத்தாம் படி: ஏதாவது ஒன்றை நட்டுவையுங்கள்

எருசலேம் முற்றுகையில் இருந்தபோது, எரேமியா காவல்வீட்டின் முற்றத்தில் அடைபட்டிருந்தபோது, ஆனதோத்தில் இருந்த ஒரு நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கினார். எதிரி நிற்கிற நிலம். சாட்சி வைத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, அநேக நாள் இருக்கும்படி பத்திரத்தை மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். பத்திரம் எழுதி முடித்தபிறகு ஜெபம் பண்ணுகிறார். அந்த ஜெபத்தின் கடைசி வரியில், நகரம் போய்க்கொண்டிருக்கிறதே, என்னை நிலம் வாங்கச் சொன்னீரே என்று அவருக்கே புரியாமல் கேட்கிறார். புரிந்தபிறகு வாங்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நிலம் வாங்க எங்களிடம் ஏது? 29-ஆம் அதிகாரத்தில் "தோட்டங்களை நாட்டி" என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, 2020 செப்டம்பரில் ஒரு முருங்கைக் கொம்பை வாங்கிவந்து வாடகை வீட்டின் பின்பக்கம் ஊன்றினேன். "அடுத்தவங்க வீட்டிலயா?" என்றாள் மனைவி. அம்மா மட்டும் கட்டிலில் இருந்தபடியே, கொம்பின் நுனியில் சாணி வைக்கச் சொன்னாள், அது காயக்கூடாதாம். மறு வருஷம் ஜூனில் மூன்று காய் காய்த்தது. டயாலிசிஸ்காரர்களுக்குக் காய்கறியை வேகவைத்துத் தண்ணீரை வடித்துத்தான் கொடுக்கவேண்டும். அப்படி வடித்து அம்மாவுக்கு இரண்டு துண்டு கொடுத்தோம். ருசியே இல்லை என்று சொல்லிக்கொண்டே சக்கையைத் துப்பாமல் வெகுநேரம் மென்றுகொண்டிருந்தாள்.

அக்டோபரில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது, பழைய சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அடுத்த வருஷம் அந்த வீட்டைக் காலி செய்தோம். போன மாதம் அந்தத் தெரு வழியாக வந்தபோது மரம் மதிலுக்கு மேலே நின்றது. முன்பின் தெரியாத ஒரு அம்மா துரட்டியால் காய் பறித்துக்கொண்டிருந்தார். நான் நின்று பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "வேணுமா அண்ணாச்சி, நெறையக் காய்ச்சிருக்கு" என்றார். நாலு காய் வாங்கிக்கொண்டு வந்தேன்.